தொடாதே அக்கா

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று முதலில் சொன்ன ஆளைப் பார்த்தால் நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. அந்த ஆளுக்கு ஒரு பருகூட வந்திருக்காது. வந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். தோல் கிளினிக்கில் வேலை பார்க்கிற எனக்கு இந்த மாதிரிப் பழமொழிகள் மேல் கோபம் அதிகம். அறிவுரை சொல்கிறவர்கள் மேல் அதைவிட அதிகம். பருவைக் கிள்ளுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிள்ளாதே, தேய்க்காதே, நகத்தால் நோண்டாதே, முகத்தைத் தொடாதே என்று காலையிலிருந்து சாயந்தரம்வரை கத்திக்கொண்டே இருப்பதால் எனக்குத் 'தொடாதே அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பேர்தான். ஆனால் இப்போதெல்லாம் டாக்டரம்மாவே வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுகிறார்.

எங்கள் கிளினிக் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே புதுக்கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் முகம் பார்ப்பவர்கள், மறுநாள் நேராக மேலே ஏறி வந்துவிடுவார்கள் என்பது டாக்டரம்மாவின் ஜோக். பாதி உண்மையும்கூட.

என் வேலை ஓர் இயந்திரத்தோடு. தடித்த பேனா மாதிரி ஒரு கைப்பிடி, அதன் முனையில் சின்னச் சதுரம், சதுரத்துக்குள் மயிரைவிட மெல்லிய ஊசிகள். கன்னத்தில் வைத்துக் காலால் பெடலை மிதித்தால் ஊசிகள் உள்ளே போய், தோலுக்கடியில் ரேடியோ அலையால் சூடு கொடுத்துவிட்டு, கண் இமைக்கும் முன்னே திரும்பி வந்துவிடும். எண்ணெய் சுரக்கிற பைகள் அந்தச் சூட்டில் கொஞ்சம் அடங்கும். பழைய குழிகள் மெல்ல மேலே வரும். மெல்ல என்பதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன். ஒரே தடவையில் போய்விடுமா என்று கேட்காதவர் கிடையாது. போகாது. மாதம் ஒரு முறை வரவேண்டும், அப்படிச் சில மாதம் வரவேண்டும், அதற்கப்புறமும் பொறுமை வேண்டும்.

அந்தப் பெண் மாஸ்க்கோடு வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாளாம். அங்கே மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், அதற்காகவே அந்த வேலைக்குப் போனாள் என்று பிற்பாடு தெரிந்தது. கூடவே பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அப்பாவும், ஒரு பேக்கரியில் கேக் மேல் பேர் எழுதுகிற அம்மாவும் வந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா என்னைப் பார்த்து, "சிஸ்டர், இவ மூஞ்சிய நான் முழுசாப் பாத்து ஒரு வருஷமாச்சு!" என்றார். காத்திருந்த அத்தனை தலையும் திரும்பியது. அவ்வளவு சத்தம்.

அவருக்குக் காது கேட்காது. சின்ன வயதில் ஒரு காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பேச்சு இருக்கிறது, அதைக் கூட்டிக் குறைக்கிற திருகுதான் இல்லை. எதிராளியின் உதட்டைப் பார்த்துப் படித்துவிடுவார். நான் அவருக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினேன்.

"அப்படிப் பேசாதம்மா. வாய் கோணிக்குது, படிக்க முடியல. எல்லார்கிட்டயும் சிடுசிடுன்னு பேசறல்ல, அப்படியே பேசு" என்றார்.

எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

மகளும் அப்பாவும் டாக்டரம்மா அறைக்குள் போனபிறகு அவர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். விரல் நகங்களின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கேக் சாயம் ஒட்டியிருந்தது. "உதட்டுல படிக்கறது லேசுன்னு நெனச்சுடாத. 'ப'வும் 'ம'வும் பாக்க ஒண்ணுதான். ஒரு நாள் ஒருத்தர் வந்து, பாப்பாவுக்குப் பொறந்தநாள், 'அன்புப் பாப்பாவுக்கு'ன்னு எழுதுங்கன்னாரு. சரின்னு எழுதிக் குடுத்துட்டேன். வீட்டுல போய்த் தொறந்தா 'அன்பு மாமாவுக்கு'ன்னு இருக்கு. அந்தக் குழந்தையோட மாமாவுக்கு ஒரே சந்தோஷம். மொத துண்டு அவருதான் சாப்பிட்டாராம்!"

நான் சிரித்தேன். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள், அவர்களுக்கும்தான் கேட்கிறதே.

"சிரிக்காத. அதவிடக் கூத்து எங்க வீட்டுல. 'அம்மா'வும் 'அப்பா'வும் வாய்ல ஒண்ணுதான். சொல்லிப் பாரு."

போனை அணைத்து அதன் கறுப்புக் கண்ணாடியில் பார்த்தபடி இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். வாஸ்தவம். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி ஒட்டி ஒரே மாதிரி பிரிந்தது. இத்தனை வருஷம் பேசிய வாய், எனக்கே தெரியவில்லை.

"இவ மொதமொதல்ல வாயத் தொறந்தப்ப, 'அப்பான்னு சொல்லிட்டா'ன்னு இவரு குதிக்கறாரு. நான் 'அம்மான்னுதான் சொன்னா'ங்கறேன். யாரு சொல்றது உண்மைன்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் ஒரு நாள் அவ கன்னத்துல கைய வச்சிருந்தேன், அப்பச் சொன்னா. கன்னம் 'ம்ம்'முன்னு அதிர்ந்துது. 'அப்பா'ன்னு சொன்னா அந்த அதிர்வு வராது. அதுலேருந்து அவ எப்பக் கூப்பிட்டாலும் கன்னத்துல கைய வச்சுப் பாப்பேன். அதிர்ந்தா நான். அதிரலைன்னா அவரு."

சொல்லிக்கொண்டே எழுந்து என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டார். ஊர் முகத்தையெல்லாம் தொடுகிறவள் நான், ஆனால் என் முகத்தைத் தொட ஒருவரையும் விடமாட்டேன். எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லு" என்றார். அம்மா, அப்பா என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இப்பக் கைய வச்சாத் தட்டி விடறா" என்றார் கையை எடுத்துக்கொண்டு. "மாஸ்க்க வீட்டுலயும் கழட்டறதில்ல. வாயும் தெரியல, கன்னமும் இல்ல. ஏதாவது சொல்லணும்னா போன்ல டைப் பண்ணிக் காட்டறா. கிட்டப் போனாத் தொடாதேங்கறா. பரு போறது போகாதது உங்க பாடு சிஸ்டர். எனக்கு அவ கூப்பிடறது திரும்பி வரணும்."

அந்தத் 'தொடாதே' என் பேர் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு ஏனோ உறைத்தது.

சீழ் கட்டிய பருக்கள் அடங்கட்டும் என்று டாக்டரம்மா முதலில் மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவை வற்றிய பிறகுதான் என் அறைக்கு முறை வந்தது. அப்பா வாசலிலேயே நின்று, "ரேடியோ அலைங்கறீங்களே, என்ன ஸ்டேஷன் வரும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மனைவியைக் காட்டி, "எந்த ஸ்டேஷனா இருந்தாலும் இவளுக்குக் கேக்காது" என்றார். அவர் உதட்டைப் படித்துவிட்ட அம்மா முழங்கையால் ஒரு இடி இடித்தார். அப்பா வெளியே வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்க்கைக் கழற்றித்தானே ஆகவேண்டும். அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கழற்றினாள். எண்ணெய் மினுமினுக்கும் மூக்கு, இரண்டு கன்னத்திலும் பழைய குழிகள், தாடை ஓரமாகப் புதுச் சிவப்புகள். நான் பார்த்த எத்தனையோ முகங்களில் நடுத்தரம் என்றுதான் சொல்வேன். ஆனால் நடுத்தரம் என்பது எனக்கு. அவளுக்கு அது ஒன்றுதான் முகம். மரத்துப்போகிற களிம்பைப் பூசி, வாயையும் மூக்கையும் விட்டுவிட்டு மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். அம்மா எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வெகுநாள் கழித்துக் கண்ணில் பட்ட மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள் மகள். அப்புறம் என்னிடம் சொன்னாள். களிம்பு உதட்டோரத்துக்கும் எட்டியிருந்ததால் சொற்கள் குழைந்து வந்தன. "அக்கா, அம்மாவ வெளிய போகச் சொல்லுங்க. என்னால முடியல."

எனக்குச் சங்கடம். எப்படிச் சொல்வது என்று நான் விழிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார். மகளின் வாயை அவரும்தான் படித்துக்கொண்டிருந்தாரே. விறுவிறுவென்று கதவைத் திறந்துகொண்டு போனார். அடுத்த நிமிஷம் வராந்தாவில் இடி முழங்கியது.

"பொண்ணு உங்கள வெளிய போகச் சொல்றா! கீழ போங்க!"

"நான் வெளியதானேடி இருக்கேன்? நான் என்ன பண்ணேன்?"

"அவளுக்கு முடியலையாம்! எறங்குங்க!"

அந்த மனிதர் படியிறங்குகிற சத்தம் கேட்டது. அம்மா திரும்பி வந்து, கதவைச் சாத்தி, ஸ்டூலை முன்னைவிட ஒரு சாண் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அனுப்பிட்டேன்" என்றார், பெரிய காரியத்தை முடித்த முகத்தோடு.

அந்தப் பெண்ணுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிளாஸ்டிக் தாள் மொடமொடவென்று சத்தம் போட்டது. "சிரிக்காதே, களிம்பு கலையும்" என்று கத்தினேன். என் சிரிப்பை நானே அடக்க முடியாமல்தான் கத்தினேன். பிறகு பார்த்தால் அவள் கண்ணோரம் வழிகிறது. பஞ்சால் ஒற்றி எடுத்தேன். அம்மா படித்துவிடாதபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"தன்னப் போகச் சொல்லியிருப்பேனோன்னு அவங்களுக்குத் தோணவே இல்ல பாருங்க அக்கா."

"சொல்லிடட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

ஊசி போடும்போது முகத்தின் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால் அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து மகளின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். கன்னத்தில் பிரச்சினை இல்லை. நெற்றியில் எலும்பு கிட்டே இருப்பதால் கொஞ்சம் வலிக்கும். அந்தப் பெண் கல்லுளிமங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடவில்லை. ஆனால் கால்மாட்டிலிருந்து, "வலிக்குது அவளுக்கு, நிறுத்து" என்று குரல் வந்தது. நிறுத்திக் குளிர்காற்று அடித்தேன். "ம், இப்ப போடு" என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு இயந்திரம் என் கையில் இருந்தது, ஓட்டியது என்னவோ அந்த அம்மாதான்.

முடிந்தபோது முகம் வெயிலில் வெந்த மாதிரி சிவந்திருந்தது. வழக்கமான பாட்டைப் பாடினேன். வெயில் கூடாது, மேக்கப் கூடாது, கொடுத்த களிம்பைத் தவிர வேறெதுவும் கூடாது, ரெண்டு நாளைக்கு முகத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. அம்மா என் உதட்டையே பார்த்துக் கேட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கீழே போன அப்பா சும்மா நிற்க முடியாமல் கண் பரிசோதனை செய்துகொண்டாராம், மூக்கில் ஒரு புதுக்கண்ணாடியோடு ஏறி வந்தார். டாக்டரம்மாவின் ஜோக் முதல் தடவையாகத் தலைகீழாக நடந்தது.

அடுத்த மாதம் வந்தார்கள், அதற்கடுத்த மாதமும் வந்தார்கள். வீட்டில் மாஸ்க் கழன்றுவிட்டது என்று அம்மா அறிவித்தார். கிளினிக் முழுக்கத் தெரிந்துகொண்டது. "என்கூட சண்டை போடறா சிஸ்டர்! வாயாலயே போடறா!" என்று அவர் சொன்னபோது பரிசு வாங்கின முகம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றேன். "இதுக்கு ரெண்டு வாய் இருக்கு" என்றார். மகளும் மாறித்தான் வந்தாள். மூக்கில் டிஷ்யூவை ஒற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவள் பழக்கம். முன்னெல்லாம் அந்தத் தாள் வழியாகப் பேப்பரே படிக்கலாமாம், இப்போது ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டு. மருந்துக்கடையில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு நிற்கிறாளாம். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல அறிவுரை சொல்ல வரும் வாடிக்கையாளர்களுக்கு, "உங்களுக்கு என்ன மருந்து வேணும்?" என்று பதில் சொல்லிவிடுகிறாளாம்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே நின்றார். சுத்தத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லா முறையும் முடிந்து, ஆற விட்டு, கடைசியாகப் பார்க்கிற நாள் வந்தது. டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "பாதிக்கு மேல நல்லா வந்திருக்கு. மிச்சக் குழி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். முழுசாப் போயிடும்னு நான் பொய் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார். மகள் புதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்னும் எத்தன நாள் தொடக்கூடாது சிஸ்டர்?"

"எதை?"

"கன்னத்த. நீங்க தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களாமே. எப்பக் கேட்டாலும், அக்கா இன்னும் வேணாம்னு சொன்னாங்கங்கறா. நானும் கையக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

நான் மகளைப் பார்த்தேன். கண்ணாலேயே கெஞ்சினாள். ரெண்டு நாள் என்று நான் சொன்னதை மாசக்கணக்காக ஓட்டியிருக்கிறாள்! எனக்கு ஏறிய கோபத்தில் அங்கேயே உடைத்திருப்பேன். ஆனால் அந்த அம்மா இன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு இத்தனை நாள் நின்றிருக்கிறார்.

"இன்னையோட முடிஞ்சதுங்க" என்றேன். "கை கழுவிட்டு வாங்க."

அவர் வராந்தாக் கோடியில் இருக்கிற குழாயடிக்குக் கிட்டத்தட்ட ஓடினார்.

"ஏன் அக்கா மாட்டி விட்டீங்க?" என்றாள் மகள்.

"யாரு யார மாட்டி விட்டது? என் பேரக் கெடுத்து வச்சிருக்க நீ."

"உங்க பேரே தொடாதே அக்காதானே."

சிரிக்கத்தான் சொன்னாள், ஆனால் குரல் உடைந்துவிட்டது. "தூரத்துலேருந்து பாத்தா நல்லா ஆயிடுச்சுன்னு இருக்கும் அக்கா. அம்மாவும் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க. ஆனா அவங்க கைய ஏமாத்த முடியாது. ஐசிங்ல ஒரு சீனி மணி நின்னாக்கூட விரல் வச்சு எடுத்துடுவாங்க. கன்னத்துல கைய வச்சதும், இவ்வளவுதானா, இன்னும் இருக்கான்னு ஆயிடும். அப்ப அவங்க மூஞ்சிய நான் பாக்கணுமே."

அவளை ஓர் அறை விடவும் தோன்றியது, கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. நான் இரண்டையும் செய்யவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட வந்த அம்மாவிடம் துடைத்துக்கொள்ள டிஷ்யூவை நீட்டினேன். அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கை சில்லென்று இருக்கக்கூடாது என்று இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடுபடுத்திக்கொண்டார். பிறகு மகள் முன்னால் போய் நின்று, கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தொடுங்க" என்றேன். இந்த வேலைக்கு வந்தபிறகு அந்தச் சொல்லை நான் சொன்னதாக நினைவில்லை.

அந்தக் கை கன்னத்தில் படிந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா" என்றாள் மகள்.

"என்னம்மா?" என்று வராந்தாவிலிருந்து பதில் வந்தது.

"இது அவரு" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "வெளையாடாத."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் சொன்னாள்.

"அம்மா."

அந்த அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. மகள் இன்னொரு முறை சொன்னாள், 'ம்'மை நீட்டி, சின்னப்பிள்ளை கூப்பிடுகிற மாதிரி. மூடிய இமைக்கடியிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது. அதைப் பார்த்து மகளுக்குப் பயம் வந்துவிட்டது. விரலுக்குக் குழிகள் தட்டுப்பட்டுவிட்டன என்றே நினைத்தாள். அம்மாவின் தோளைத் தட்டிக் கண்ணைத் திறக்கவைத்து, உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாக் கேக்குது" என்றார் அம்மா, கீழே கண்ணாடிக் கடைவரைக்கும் கேட்கும்படி.